பாதி வெந்தது, பாதி பச்சை: மலைக் குளிரில் வயிறு நிறையும் சாலட்

சாலட் சாப்பிட்டேன், ஒரு மணி நேரத்தில் பசித்துவிட்டது என்று யாராவது சொன்னால், கிண்ணத்தில் என்னவெல்லாம் போட்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். அநேகமாக வெள்ளரிக்காய், தக்காளி, கேரட், நாலு வளையம் வெங்காயம், மேலே எலுமிச்சையும் மிளகுத்தூளும் என்றுதான் பதில் வரும். அது பிரியாணிக்குப் பக்கத்தில் வைப்பது. அதையே பெரிய கிண்ணத்தில் போட்டால் மட்டும் சாப்பாடு ஆகிவிடாது. லெட்டூஸ் இலையில் நூற்றுக்கு 95 பங்கு தண்ணீர். 100 கிராம் தின்றால் 15 கலோரி கிடைக்கும், கிண்ணம் நிறைய அள்ளிப் போட்டாலும் அந்த 100 கிராம் எடைகூட வராது. பசிக்காமல் எப்படி இருக்கும்?

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் இருப்பவர்களுக்கும் கொடைக்கானல்காரர்களுக்கும் இன்னொரு தொல்லை உண்டு. ஜனவரியில் விடிந்து பார்த்தால் புல் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கிற ஊரில், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த ஜில்லென்ற இலையை ராத்திரிச் சாப்பாடாக யார் தின்பார்கள்? பத்திரிகைகளில் வரும் சாலட் குறிப்புகள் பெரும்பாலும் வெயில் ஊருக்காக எழுதியவை. வேடிக்கை என்னவென்றால், அந்த வெயில் ஊர்க்காரர்கள் சாலட்டுக்குத் தேடுகிற காய் எல்லாம் நம் வீட்டுக்குக் கீழே தோட்டத்தில் விளைந்து லாரி ஏறி மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகிறது. 1819ல் கோத்தகிரிக்கு ஏறி வந்த கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் காலத்திலிருந்து இந்த இங்கிலீஷ் காய்கள் இங்கே வேரூன்ற ஆரம்பித்தன, இருநூறு வருஷம் ஆகியும் நாம் அவற்றைப் பொரியல், குருமா, சாம்பார் தாண்டி எடுத்துப் போவது அபூர்வம்.

நான் பின்பற்றும் விதி ஒன்றுதான். கிண்ணத்தில் பாதி வெந்ததாகவும் வெதுவெதுப்பாகவும் இருக்கட்டும், மீதிப் பாதி பச்சையாக இருக்கட்டும். வெந்த பாதி வயிற்றுக்கு, பச்சைப் பாதி வாய்க்கு. சுண்டலும் பச்சடியும் செய்யத் தெரிந்த வீட்டில் இது புது வித்தையே இல்லை, இரண்டையும் ஒரே பாத்திரத்தில் சேர்த்து அதற்கென்று ஒரு நல்ல டிரெஸ்ஸிங் (சாலட்டுக்குச் சுவையூட்ட மேலே ஊற்றும் கலவை) ஊற்றப் போகிறோம், அவ்வளவுதான்.

எவ்வளவு போடுவது

ஒரு ஆளுக்குக் கணக்கு சொல்கிறேன், பிறகு கை பழகிவிடும். வெந்த பயறோ பருப்போ 150 கிராம், அதாவது குவித்து ஒரு கப். கூடவே மாவுச்சத்துக்கு ஒரு பெரிய உருளைக்கிழங்கு அல்லது முக்கால் கப் வெந்த சாமை. பச்சைக் காய் இரண்டு கைப்பிடி. எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. கடைசியில் கடித்தால் நொறுங்குகிற மாதிரி ஏதாவது ஒன்று, வறுத்த வேர்க்கடலையோ பூசணி விதையோ. இலை எவ்வளவு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள், அது கணக்கில் வராது.

புரதத்தை மட்டும் கொஞ்சம் கவனித்துப் போட வேண்டும், பசி தாங்குவது அதனால்தான். வெந்த கொண்டைக்கடலை 100 கிராமில் சுமார் 9 கிராம் புரதம், ஒரு முட்டையில் 6 கிராம், பனீர் 100 கிராமில் ஏறக்குறைய 18 கிராம், ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் (30 கிராம் என்று வையுங்கள்) 7 கிராம். ஒரு கிண்ணத்துக்கு 20 கிராம் வந்துவிட்டால் மதியம் சாப்பிட்டது மாலை டீ வரைக்கும் தாங்கும். வெந்த கொண்டைக்கடலை 150 கிராமும் வேர்க்கடலை ஒரு கையும் போட்டாலே அந்த இடத்துக்கு வந்துவிடுவீர்கள், இதற்காகப் புரதப் பவுடர் எல்லாம் தேடிப் போக வேண்டாம்.

எண்ணெயே இல்லாமல் சாலட் செய்வது சிலருக்குப் பெருமை. எனக்கு அதில் உடன்பாடில்லை. கேரட்டில் இருக்கிற பீட்டா கரோட்டின் கொழுப்பில் கரையக்கூடியது, எண்ணெய் கொஞ்சமாவது இல்லாவிட்டால் உடம்பு அதைச் சரியாக எடுத்துக்கொள்ளாது. பசி அடங்குவதற்கும் அந்த ஒரு கரண்டி வேண்டும்.

உருளைக்கிழங்கைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கும் ஒரு தகவல். 1995ல் சிட்னி பல்கலைக்கழகத்தில் 38 உணவுகளைக் கொடுத்து, ஒரே அளவு கலோரிக்கு எது எவ்வளவு வயிறு நிறைந்த உணர்வைத் தருகிறது என்று அளந்தார்கள். வெள்ளை ரொட்டிக்கு 100 என்று வைத்தால் அவித்த உருளைக்கிழங்கு 323 வாங்கி எல்லாவற்றையும் விட மேலே நின்றது. பொரித்தது இல்லை, அவித்தது. நீலகிரியில் உட்கார்ந்துகொண்டு உருளையை ஒதுக்குவது நியாயமே இல்லை. முளை விட்டதையும் தோல் பச்சை பூத்ததையும் மட்டும் எடுக்காதீர்கள்.

வேக வைப்பதில் மலைக் கணக்கு

சமவெளியில் எழுதிய எந்தச் சமையல் குறிப்பையும் இங்கே அப்படியே பின்பற்ற முடியாததற்குக் காரணம் காற்றழுத்தம். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் 100 டிகிரிக்குப் போகாமலே, சுமார் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று நினைப்போம், ஆனால் சூடு குறைவு. அதனால்தான் கீழேயிருந்து வந்த சொந்தக்காரர்கள் நம் அடுப்பில் பருப்பு வேகவில்லை என்று புலம்புகிறார்கள். திறந்த பாத்திரத்தில் பயறு வேக வைக்கும் எண்ணத்தை விட்டுவிட்டுக் குக்கரில் வையுங்கள், குக்கரிலும் கீழே 4 விசில் என்று எழுதியிருந்தால் இங்கே 6 வையுங்கள். முட்டை முழுதாக வேகக் கொதி வந்த பிறகு 13, 14 நிமிஷம் விடுங்கள்.

சாலட்டுக்கான பயறு குழையவும் கூடாது, உள்ளே நறுக்கென்று மாவாகவும் இருக்கக் கூடாது. 10 மணி நேரம் ஊற வேண்டும், குளிர் காலத்தில் 12 என்று வைத்துக்கொள்ளுங்கள், வெந்நீரில் ஊறப் போட்டால் இன்னும் நல்லது. உப்பு போட்டே ஊற வைக்கலாம், அப்போது தோல் மெத்தென்று வேகும், பயறுக்குள்ளும் சுவை இறங்கும். ராஜ்மாவையும் பட்டர் பீன்ஸையும் மட்டும் அரை வேக்காட்டில் சாலட்டில் போடாதீர்கள். ராஜ்மாவில் இருக்கும் ஒரு நச்சுப் புரதம் நல்ல கொதியில்தான் அழியும், அரைகுறையாக வெந்ததைத் தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரலாம். நம் ஊர்க் கொதியே கொஞ்சம் சூடு குறைந்தது என்பதால் குக்கர்தான் பத்திரம். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வையுங்கள்.

முளை கட்டிய பயறு இங்கே சீக்கிரம் முளைக்காது. கீழே ஒரே ராத்திரியில் வால் விடும் பச்சைப்பயறு இங்கே இரண்டு நாள் எடுத்துக்கொள்ளும். ஈரத் துணியில் கட்டி ஹாட் பாக்ஸுக்குள் வைத்து, அதை அடுப்பு மேடை ஓரமாக வைத்துவிடுங்கள். தினமும் இரண்டு தடவை அலசாவிட்டால் கொழகொழத்து வாடை வரும். அப்புறம், முளைப்பயறைப் பச்சையாகவே போடுவதைவிட இட்லிப் பானையில் 5 நிமிஷம் ஆவி காட்டிப் போடுவது நல்லது. பயறு முளைக்கிற அதே ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிகளுக்கும் பிடித்தமானவை.

ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை அரைக் கிலோ கொண்டைக்கடலையோ காராமணியோ வேக வைத்து, தண்ணீர் வடித்து, ஆற வைத்து, டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நாளுக்கு வரும். சாலட் செய்கிற அன்று தேவையான அளவை எடுத்து இரும்புச் சட்டியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுச் சூடு காட்டிக்கொள்ளுங்கள். வேலை முடிந்து வந்து பதினைந்து நிமிஷத்தில் சாப்பாடு தயாராவது இதனால்தான், இந்த ஞாயிற்றுக்கிழமை வேலையைச் செய்யாதவர்கள் புதன்கிழமை நூடுல்ஸ் பாக்கெட்டைப் பிரித்துவிடுவார்கள்.

காய் வாங்குவதும் கழுவுவதும்

உழவர் சந்தைக்குக் காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறிவிட்டால் இலை தொங்கிவிடும். பீட்ரூட், நூக்கல், முள்ளங்கி வாங்கும்போது, "அண்ணா, இலையோட குடுங்க" என்று கேளுங்கள். பாதிப் பேர் அதை ஒடித்துப் போட்டுவிட்டுத்தான் எடை போடுவார்கள், கேட்டால் சும்மாவே தருவார்கள். இளம் பீட்ரூட் இலை பாலக் மாதிரியே இருக்கும், பச்சையாகவே நறுக்கிப் போடலாம். நூக்கல் இலையைப் பொடியாக அரிந்து உப்பு போட்டுப் பிசைந்தால் போதும். கேரட்டை இலையோடு வாங்கினால் வீட்டுக்கு வந்ததும் இலையை ஒடித்துத் தனியாக வையுங்கள், இல்லாவிட்டால் இலை கிழங்கிலிருந்து ஈரத்தை இழுத்துக் கேரட் வாடிவிடும்.

கேத்தி பாலாடா பக்கம் மெஷினில் கழுவின கேரட் பளபளவென்று கண்ணைப் பறிக்கும். அனுப்புவதற்கு அதுதான் வசதி. ஆனால் வீட்டில் நாலு நாள் வைத்துப் பச்சையாகத் தின்ன நினைத்தால் மண் ஒட்டிய கேரட்டைக் கேட்டு வாங்குங்கள், அது நின்று தாங்கும்.

லெட்டூஸைக் குழாயடியில் காட்டிக் கழுவினால் மண் போகாது. அடியை வெட்டி இலைகளைப் பிரித்து, பெரிய பேசினில் தண்ணீர் நிரப்பி முக்கி, கொஞ்ச நேரம் அசையாமல் விடுங்கள். மண் அடியில் தங்கும். இலையைக் கையால் மேலே தூக்கி எடுக்க வேண்டும், பேசினைச் சாய்த்து வடித்தால் தங்கின மண்ணெல்லாம் திரும்ப இலை மேலேயே விழும். மழைக்காலத்தில் மூன்று தண்ணீர் மாற்ற வேண்டியிருக்கும். காலிஃபிளவருக்கும் புரோக்கோலிக்கும் உப்பும் மஞ்சளும் போட்ட வெந்நீர், புழு இருந்தால் மிதந்துவிடும்.

கழுவின பிறகு துடைப்பதில்தான் பலரும் சோம்பல்படுகிறார்கள். ஈர இலையில் எண்ணெய் ஒட்டாது, டிரெஸ்ஸிங் வழுக்கிக் கிண்ணத்தின் அடியில் போய்த் தேங்கும், மேலே சப்பென்று இலை, கீழே புளித் தண்ணீர். பழைய பருத்தி வேட்டித் துணியில் இலையைப் பரப்பிச் சுருட்டி நாலு மூலையையும் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று இரண்டு சுற்றுச் சுற்றுங்கள், தண்ணீர் சிதறிவிடும். இதற்கென்று விற்கிற சுழல் டப்பா தேவையில்லை.

முட்டைக்கோஸ் சாலட் கடிக்க முரட்டுத்தனமாக இருக்கிறது என்பவர்கள், முடிந்த அளவு மெல்லிசாக அரிந்து, 300 கிராமுக்கு அரை டீஸ்பூன் உப்பு போட்டு, கையால் நன்றாகப் பிசைந்து 10 நிமிஷம் விடுங்கள். தண்ணீர் விட்டு இளகிவிடும், பிழிந்துவிட்டுப் போடுங்கள். முள்ளங்கிக்கும் இதே வேலைதான், அதன் காரமும் குறையும். சிவப்புக் கோஸாக இருந்தால் எலுமிச்சை பட்டதும் ஊதா நிறம் மாறிப் பளீரென்று ரோஸ் நிறத்துக்கு வரும், வீட்டில் காய் தின்னாத பிள்ளைகள் இருந்தால் அதை அவர்கள் கையாலேயே பிழியச் சொல்லுங்கள்.

டிரெஸ்ஸிங்

குறிப்புகளில் ஆலிவ் எண்ணெய் என்று இருக்கும். இருந்தால் ஊற்றுங்கள், இல்லாவிட்டால் செக்கு நல்லெண்ணெய் அதற்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. கடலை எண்ணெயும் சரி. தேங்காய் எண்ணெய் மட்டும் மலையில் ஆகாது. 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும், தலைக்குத் தேய்க்கவே பாட்டிலை அடுப்பருகே வைத்து உருக்குகிற ஊரில் அதை ஊற்றினால் கேரட் மேல் வெள்ளை வெள்ளையாக மெழுகு மாதிரி படிந்து நிற்கும்.

நான் அடிக்கடி செய்வது கடுகு டிரெஸ்ஸிங். ஒரு டீஸ்பூன் கடுகை வெந்நீரில் அரை மணி நேரம் ஊற வைத்து, ஒரு பல் மலைப்பூண்டு, அரை டீஸ்பூன் உப்பு சேர்த்து உரலில் நசுக்கிக்கொள்ளுங்கள். ஒன்றரை மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, அரை டீஸ்பூன் மலைத்தேன் அல்லது நாட்டுச் சர்க்கரை, 3 மேசைக்கரண்டி நல்லெண்ணெய். எல்லாவற்றையும் ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊற்றி மூடிக் குலுக்கினால் கெட்டியாகச் சேர்ந்து வரும். எண்ணெயும் சாறும் பிரியாமல் பிடித்து வைப்பது அந்த நசுக்கின கடுகுதான். எண்ணெய்க்கும் புளிப்புக்கும் மூன்றுக்கு ஒன்று என்று வெளிநாட்டுக் கணக்கு சொல்வார்கள், நம் நாக்குக்கு அது போதாது, இரண்டுக்கு ஒன்று சரியாக இருக்கும். இந்த அளவு இரண்டு பேருக்குத் தாராளம். கொடைக்கானல் மலைப்பூண்டோ ஊட்டிப் பூண்டோ, நாக்கைச் சுடும் காரம் உள்ளது, ஒரு பல்லுக்கு மேல் போகாதீர்கள். எலுமிச்சைச் சாற்றிலேயே போட்டு நசுக்கி ஊற விட்டால் பச்சை நெடி அடங்கும்.

இதை நிறையச் செய்து மேடையிலேயே வைத்துவிடலாம், குளிராகத்தானே இருக்கிறது என்று நினைக்காதீர்கள். பச்சைப் பூண்டு எண்ணெயில் மூழ்கிக் கிடந்தால் அதில் மிக ஆபத்தான நஞ்சு உருவாகலாம், வாசனையிலோ நிறத்திலோ தெரியாது. ஃப்ரிட்ஜில் வைத்து மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

வேர்க்கடலை டிரெஸ்ஸிங் இதைவிடக் கனமானது, கோஸ், கேரட், காலிஃபிளவர் போன்ற கடினமான காய்களுக்குப் பொருந்தும். வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை 50 கிராம், ஒரு வறுத்த மிளகாய், சின்ன நெல்லிக்காய் அளவு புளியை ஊற வைத்த தண்ணீர், சுண்டைக்காய் அளவு வெல்லம், உப்பு, பாதிப் பல் பூண்டு. மிக்ஸியில் அரைத்து, ஊற்றுகிற பதம் வரும் வரை வெந்நீர் விடுங்கள். கெட்டிச் சட்னியாக நின்றுவிட்டால் காயில் ஒட்டாது, கட்டி கட்டியாக உட்காரும்.

தயிர் டிரெஸ்ஸிங்குக்கு நம் ஊரில் முதலில் தயிர் தோய வேண்டும்! பால் நல்ல கைச்சூட்டில் இருக்கும்போதே உறை ஊற்றி ஹாட் பாக்ஸில் வைத்து, கம்பளியால் மூடினால் காலையில் கெட்டியாக இருக்கும். மெல்லிய துணியில் ஒரு மணி நேரம் வடிய விட்டு, புதினா, ஒரு பச்சை மிளகாய், வறுத்துப் பொடித்த சீரகம், உப்பு. அவ்வளவுதான்.

மேலே கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டலாமா என்றால் தாராளமாகக் கொட்டலாம். சாலட் என்றால் தாளிக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. அப்போது டிரெஸ்ஸிங்கில் அந்த அளவு எண்ணெயைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இனி கிண்ணம்

முதலில் உருளைக்கிழங்கு சாலட், இரண்டு பேருக்கு. சின்ன ஊட்டி உருளை 400 கிராம், தோலோடு உப்புத் தண்ணீரில் வேக விட்டு, கத்தி சுலபமாக இறங்குகிறதா என்று பாருங்கள். வெந்ததும் கை பொறுக்கிற சூட்டிலேயே இரண்டாக வெட்டி, கடுகு டிரெஸ்ஸிங்கில் பாதியை உடனே ஊற்றிப் பிரட்டுங்கள். சூடான கிழங்குதான் சாற்றை உள்ளே இழுக்கும், ஆறின பிறகு எவ்வளவு ஊற்றினாலும் மேலேயே நிற்கும், ருசியில் உள்ள வித்தியாசம் முழுக்க இந்த ஒரு வேலையில்தான் இருக்கிறது. பீன்ஸ் 150 கிராமை விரல் நீளத்துக்கு ஒடித்து, கொதிக்கும் உப்புத் தண்ணீரில் 5 நிமிஷம் போட்டு எடுத்துச் சேருங்கள், இங்கே குழாய்த் தண்ணீரே ஐஸ் மாதிரி இருப்பதால் ஒரு தடவை அதில் காட்டினால் பச்சை நிறம் அப்படியே நிற்கும். வெந்த பட்டர் பீன்ஸ் அல்லது பட்டாணி ஒரு கப். 3 முட்டையை நாலாக வெட்டி மேலே வையுங்கள். பச்சைப் பாதிக்கு மெல்லிசாகச் சீவின முள்ளங்கி, செலரித் தண்டு, ஒரு பிடி பார்ஸ்லி, கிடைக்காவிட்டால் கொத்தமல்லி. மீதி டிரெஸ்ஸிங், நிறைய மிளகு. முட்டை வேண்டாதவர்கள் பனீரைத் தோசைக்கல்லில் சிவக்க வாட்டிப் போடலாம்.

அடுத்தது கொண்டைக்கடலை. இதில் வெந்த கடலை 300 கிராம், அரிந்து உப்பில் பிசைந்த சிவப்புக் கோஸ் 200 கிராம், துருவாமல் தீக்குச்சி கனத்தில் வெட்டின கேரட் இரண்டு. துருவினால் சாறு விட்டுச் சொதசொதவென்று ஆகிவிடும் என்பதால்தான் வெட்டச் சொல்கிறேன். காலிஃபிளவரைச் சின்னப் பூக்களாக உதிர்த்து, இரும்புச் சட்டியில் எண்ணெய், மஞ்சள், மிளகாய்த்தூள் போட்டு மூடாமல் ஓரம் கருகும் வரை வாட்டுங்கள். மூடினால் அவிந்துவிடும், வாட்டின வாசனை வராது. கடலையையும் அதே சட்டியில் ஒரு நிமிஷம் பிரட்டி, எல்லாவற்றையும் சூடாகவே கோஸ் மேல் கொட்டி, வேர்க்கடலை டிரெஸ்ஸிங் ஊற்றுங்கள். சாப்பிட்டு முடித்தவர்கள் சோறு கேட்பதில்லை.

சாமையில் செய்வதும் எனக்குப் பிடிக்கும். உருளையும் கேரட்டும் தேயிலையும் வருவதற்கு முன்னால் ராகியும் சாமையும் விளைந்த மலைதானே இது. ஒரு கப் சாமையை வெறும் சட்டியில் வாசனை வர வறுத்து, இரண்டு கப் தண்ணீரில் வேக வைத்துத் தட்டில் பரப்பி ஆற விடுங்கள், உதிரியாக வரும். காளான் 200 கிராமை உப்பு போடாமல் பெரிய தீயில் வதக்க வேண்டும், முதலிலேயே உப்பு போட்டால் தண்ணீர் விட்டு வெந்துபோகும். சிவந்த பிறகு உப்பு, மிளகு, நசுக்கின பூண்டு. புரோக்கோலியை 3 நிமிஷம் ஆவியில் வைத்துச் சேருங்கள். தண்டைத் தூக்கிப் போடாதீர்கள், தோலைச் சீவிவிட்டுப் பச்சையாகவே வில்லை வில்லையாக வெட்டினால் பூவைவிட அதுதான் ருசி. தயிர் டிரெஸ்ஸிங்கைக் கலக்காமல் பக்கத்தில் ஒரு கரண்டி வையுங்கள். இதில் புரதம் குறைவு, அதனால் பனீரோ வெந்த பச்சைப்பயறோ ஒரு கை சேர்த்துவிடுங்கள்.

முந்தின நாள் கோழி வறுவல் மிஞ்சியிருந்தால் அதைப் பிய்த்து இந்த மூன்றில் எதில் வேண்டுமானாலும் போடலாம், மசாலா ஏற்கனவே இருப்பதால் டிரெஸ்ஸிங்கில் உப்பையும் காரத்தையும் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

பழமும் நொறுக்கும்

கொடைக்கானல் இருக்கிற பழனி மலைக்காரர்களுக்கு ஒரு வசதி, பட்டர் ஃப்ரூட் (அவகாடோ). தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்திலிருந்து சீசனில் மலிவாக வரும். பால் ஊற்றி ஜூஸ் அடிப்பதோடு நிறுத்தாதீர்கள். பழுத்ததை மசித்து எலுமிச்சை, உப்பு, பச்சை மிளகாய் சேர்த்தால் அதுவே டிரெஸ்ஸிங், தனியாக எண்ணெய் வேண்டாம். வெந்த காராமணி, நறுக்கின மரத்தக்காளி, சின்ன வெங்காயம், இந்த மசியல், நான்கே சாமானில் ஒரு வேளை முடிந்தது. மரத்தக்காளியின் தோல் கசக்கும், வெந்நீரில் ஒரு நிமிஷம் போட்டு உரித்துவிடுங்கள்.

பேரிக்காய், பிளம்ஸ், பீச் எல்லாம் அந்தந்த மாதத்தில் கொஞ்சமாகப் போடலாம். பேரிக்காயை வெட்டின உடனே எலுமிச்சை தடவாவிட்டால் கறுத்துவிடும். பழம் ஒரு கிண்ணத்துக்குக் கால் பங்குக்கு மேல் போனால் அது ஃப்ரூட் சாலட்.

நொறுக்குக்கு ரொட்டித் துண்டை வறுத்துப் போடச் சொல்வார்கள். நம்மிடம்தான் ஊட்டி பேக்கரிகளின் மொறுமொறு வர்க்கி இருக்கிறதே! இனிப்பு அதிகமில்லாத வர்க்கியைக் கையால் நொறுக்கி, தோசைக்கல்லில் மிளகுத்தூளோடு லேசாகச் சூடு காட்டி, பரிமாறும் நொடியில் மேலே தூவுங்கள். இரண்டு நிமிஷம் தாண்டினால் ஊறிப் போகும். வர்க்கியில் கொழுப்பு ஏற்கனவே நிறைய, ஆளுக்கு ஒன்று போதும்.

டப்பாவில் கட்டும்போது

வேலைக்கு எடுத்துப் போகிறவர்கள் அடுக்கும் வரிசையைப் பார்த்துக்கொண்டால் மதியம் இலை வதங்கியிருக்காது. அடியில் டிரெஸ்ஸிங், அதன் மேல் ஊறினாலும் கெடாத பயறும் உருளையும், அப்புறம் கேரட், கோஸ், எல்லாவற்றுக்கும் மேலே துடைத்த இலை. சாப்பிடும்போது ஒரு கவிழ்ப்புக் கவிழ்த்துக் கலக்கினால் சரியாகப் போகும். வெந்த பாதி சூடாகவே வேண்டும் என்றால் அதை மட்டும் சின்ன ஃப்ளாஸ்க் டப்பாவில் தனியாக எடுங்கள், சூடான பயறும் இலையும் ஒரே மூடிக்குள் இருந்தால் ஆவியில் இலை வெந்துவிடும். பீட்ரூட் போடுவதாக இருந்தால் அதற்கு எப்போதும் தனி டப்பா, இல்லாவிட்டால் முட்டையிலிருந்து பனீர் வரை எல்லாம் ஒரே நிறத்தில் இருக்கும்.

டிரெஸ்ஸிங் பட்ட இலை மிஞ்சினால் அதை மறுநாளைக்கு வைப்பதில் பயனில்லை, அன்றைக்கே தின்றுவிட வேண்டியதுதான். வெந்த பாதி மிஞ்சினால் கவலை வேண்டாம், கடலை, உருளை, கோஸ் எல்லாவற்றையும் கரண்டியால் மசித்து, கொஞ்சம் கடலை மாவு தூவிப் பிசைந்து தட்டையாகத் தட்டி, காலையில் தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் சிவக்க விட்டு எடுங்கள். அந்தத் தயிர் டிரெஸ்ஸிங் மீதி இருந்தால் தொட்டுக்கொள்ள அதுவே ஆகும்.